துருவ நட்சத்திரம் தெரியாத மொட்டைமாடியில் தொலைநோக்கியை நேர்ப்படுத்துவது எப்படி?

வடகரை (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில், 130 மி.மீ. ஆடியும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி ஒன்றை மோட்டார் இல்லாத சிறிய ஈக்குவடோரியல் மவுண்ட்டில் (பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்து வானத்தின் ஓட்டத்தைப் பின்தொடரும் தாங்கி) பொருத்தி வைத்திருக்கிறேன். கூடவே வந்த கையேடு, மவுண்ட்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பச் சொல்கிறது. எங்கள் வீட்டுக்கு வடக்கே மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. அது மறைக்காத இடத்துக்குப் போனாலும், அடிவானத்தை ஒட்டிய புழுதியிலும் தெருவிளக்கு வெளிச்சத்திலும் அந்த நட்சத்திரம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

மவுண்ட்டின் அட்சரேகை அளவுகோல் 20 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே 20-இலேயே வைத்து, கைப்பேசியின் திசைகாட்டியைப் பார்த்து வடக்கே திருப்பிப் பயன்படுத்துகிறேன். 10 மி.மீ. ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) இரு மடங்கு பார்லோவையும் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை) போட்டுக் கிழக்கே ஏறிவரும் வியாழனைப் பார்க்கும்போது, ஆர்.ஏ. குமிழை (குழாயைக் கிழக்கு மேற்காகத் திருப்புவது) விடாமல் திருப்பிக்கொண்டிருந்தாலும் கோள் வடக்குப் பக்கமாக விலகி நாலைந்து நிமிடத்தில் காட்சியை விட்டு வெளியேறிவிடுகிறது. துருவ நட்சத்திரம் இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா? 20 டிகிரிக்குக் கீழே அச்சை எப்படித் தாழ்த்துவது? வியாழனின் பட்டைகள் மங்கலாகத் தெரிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


சவ்வாதுமலையடி (ஆலங்காயம்) எழுதியது:

வணக்கம் நண்பரே. எது எந்தத் திசையில் விலகுகிறது என்பதைச் சொல்லியிருக்கிறீர்கள். நோயைக் கண்டறிய அதுவே போதும். கிழக்கு வானில் இருக்கும் பொருள் வடக்கே விலகினால், மவுண்ட்டின் துருவ அச்சு இருக்க வேண்டியதைவிட உயரமாக இருக்கிறது என்று பொருள். மதுரையின் அட்சரேகை 9.9 டிகிரி, உங்கள் அச்சு நிற்பதோ 20-இல். பத்து டிகிரிப் பிழைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை வில்நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு வில்நிமிடம்) விலகல் வரும். 130 மடங்கு உருப்பெருக்கத்தில் உங்கள் காட்சிப்பரப்பின் அகலம் இருபது வில்நிமிடத்துக்குச் சற்று மேலே இருக்கலாம் என்பதால், நடுவில் இருக்கும் கோள் ஓரத்துக்குப் போய்ச் சேர நீங்கள் சொன்ன அதே நாலைந்து நிமிடம்தான் ஆகும். திசைகாட்டியில் ஓரளவு பிழை இருக்கலாம், ஆனால் முதல் குற்றவாளி அச்சின் உயரம்தான்.

துருவ நட்சத்திரம் தெரியவில்லையே என்று நம் பகுதியில் பலர் ஈக்குவடோரியல் மவுண்ட்டையே கைவிட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். அந்த நட்சத்திரம் வடதுருவப் புள்ளிக்கு மிக அருகில், முக்கால் டிகிரிக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது என்பதால் அதை அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நமக்குத் தேவையானது பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக மவுண்ட்டின் அச்சு நிற்பது. அதற்கு இரண்டு அளவுகள் போதும்: உண்மையான வடக்கு எது, அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே. இரண்டையும் பகலிலேயே ஒரு டிகிரிக்குள் கொண்டுவந்துவிடலாம். காவலூர் வானாய்வகத்தில் 1986-இலிருந்து இயங்கிவரும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் துருவ அச்சும் பன்னிரண்டரை டிகிரி அளவுக்குத்தான் சாய்ந்து நிற்கிறது. தாழ்ந்த அச்சு என்பது நம் ஊரின் இயல்பு. அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

முதலில் வடக்கு. கைப்பேசித் திசைகாட்டியை மொட்டைமாடியில் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு டிகிரிதான், அது பெரிய தொல்லை இல்லை. ஆனால் தளத்துக்குள் ஓடும் கம்பிகளும், தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும், மவுண்ட்டின் எதிர் எடையுமே ஊசியைப் பல டிகிரி இழுத்துவிடும். இதைவிட நம்பகமானது, மனை வகுக்கச் சங்கு நட்டுத் திசை கண்ட பழைய முறை. தளத்தில் ஒரு கோலைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்தி, அதை மையமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் இடத்தையும், பிற்பகலில் அது மீண்டும் தொட்டு வெளியேறும் இடத்தையும் குறித்து இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தாக வரைவது வடக்கு தெற்குக் கோடு.

நண்பகல் நிழலை மட்டும் பார்த்து வடக்கைக் குறிக்கச் சொல்லும் குறிப்புகளை நீங்கள் படித்திருக்கலாம். குளிர் நாடுகளில் அது எளிது. நமக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை சூரியன் நண்பகலில் தலைக்கு மேலோ அதற்கு வடக்கிலோ போவதால், நிழல் இல்லாமல் போகும், அல்லது தெற்கே விழும். உச்சிக்கு அருகே சூரியன் இருக்கும்போது ஒரு நிமிடத் தவறு கூடத் திசையில் பல டிகிரித் தவறாகிவிடும். மேலும், மதுரையின் உண்மையான நண்பகல் கடிகாரத்தின் 12 மணி அன்று. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வகுத்தது, நீங்கள் 78.1-இல் இருக்கிறீர்கள். ஆகவே சராசரியாக 12.17 அளவில் வரும் உச்சிவேளை, பிப்ரவரியில் 12.30-ஐத் தாண்டியும் நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டியும் மாறிக்கொண்டே இருக்கும். வட்டமுறைக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை.

அடுத்து உயரம். ஓர் அட்டையில் 40 செ.மீ. அடியும் 7 செ.மீ. உயரமும் கொண்ட செங்கோண முக்கோணத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அதன் கூர்கோணம் மதுரையின் அட்சரேகைக்குச் சமம். குழாயை டெக் அச்சில் (வடக்கு தெற்காகத் திருப்பும் அச்சு) 90 டிகிரிக்குத் திருப்பினால் அது துருவ அச்சுக்கு இணையாக வடக்கு நோக்கி நிற்கும். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பைக் குழாயின் முதுகில், தடித்த முனை தெற்கே வரும்படி வைத்து, மேலே உள்ள விளிம்பில் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை அச்சைத் தாழ்த்த வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு: அதே 40 செ.மீ. அடிக்குச் சென்னையில் 9.3, கோவையில் 7.8, திருநெல்வேலியில் 6.1 செ.மீ. உயரம் வைத்தால் சரியாக இருக்கும்.


வடகரை எழுதியது:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. முக்கோணத்தை வெட்டிவிட்டேன். ஆனால் தாழ்த்தும் திருகை எவ்வளவு திருப்பினாலும் 20-க்குக் கீழே அச்சு இறங்க மறுக்கிறது. எதிர் எடையும் முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது.


சவ்வாதுமலையடி எழுதியது:

இரண்டும் நம் அட்சரேகைக்கே உரிய சிக்கல்கள். நாற்பது, ஐம்பது டிகிரி அட்சரேகையில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து வடிவமைத்த மவுண்ட்டுகள் இவை.

இடிப்பதை முதலில் பார்ப்போம். அச்சு தாழத் தாழ எதிர் எடைத் தண்டு ஏறக்குறைய நேர்கீழே தொங்கும். அந்த இடத்தில்தான் வடக்குக் கால் இருக்கிறது. முக்காலியைத் திருப்பி, வடக்குத் திசை இரண்டு கால்களுக்கு நடுவே வரும்படியும் ஒரு கால் நேர் தெற்கே இருக்கும்படியும் வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

தாழ்த்துவதற்கு: எதிரெதிராக இரண்டு திருகுகள் அச்சைப் பிடித்திருக்கும். சில மவுண்ட்டுகளில் கீழே இறங்கவிடாமல் தடுப்பது திருகின் நீளமே தவிர வார்ப்பு அன்று. குழாயையும் எதிர் எடையையும் முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் திருகை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய், அதே மரையில் குட்டையான போல்ட் ஒன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள். எடையோடு வைத்துக்கொண்டு தளர்த்தவே கூடாது; அச்சு திடீரென்று விழுந்து விரலை நசுக்கிவிடும்.

அப்படியும் சில டிகிரி மிச்சம் இருந்தால் முக்காலியையே சாய்க்கலாம். கால்களின் முனைகள் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால், வடக்குப் பக்கத்து இரண்டு கால்களையும் ஏழரை செ.மீ. குட்டையாக்கினால் ஐந்து டிகிரி இறங்கும். தெற்குக் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்துவதைவிட இது பாதுகாப்பானது. ஐந்து டிகிரிக்கு மேல் சாய்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மொத்த எடையும் வடக்கே தள்ளி நிற்கும்போது காற்றோ ஒரு குழந்தையின் கையோ போதும், கவிழ்ந்துவிடும்.


தென்பொதிகை (திருநெல்வேலி) எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். முக்காலியைச் சாய்ப்பது எனக்கு உடன்பாடில்லை. முக்காலியின் தலை ரசமட்டத்தில் சமமாக இருந்தால்தான் நேர்ப்படுத்தல் சரிவரும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. தவிரவும், கண்ணால் மட்டும் பார்க்க விரும்புகிறவருக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? டாப்சோனியன் வகையை (மேலும் கீழும், இடவலமாகவும் கையால் தள்ளித் திருப்பும் எளிய தாங்கி கொண்டது) வாங்கியிருந்தால் தளத்தில் வைத்தவுடன் பார்க்கத் தொடங்கலாம். திருகும் தேவையில்லை, முக்கோணமும் தேவையில்லை. மாணவர்களுக்கு வானம் காட்டும்போது நான் அதைத்தான் கொண்டுபோகிறேன்.


சவ்வாதுமலையடி எழுதியது:

ரசமட்டம் பற்றிய ஐயம் நியாயமானது. அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்பதே கேள்வி. அதைத் தாங்கும் கால்கள் சமமாக நிற்கின்றனவா என்பது அச்சுக்குத் தெரியாது. சமமாக இல்லாவிட்டால் வரும் தொல்லை வேறு: இடவலமாகத் திருப்பும்போது உயரமும் சிறிது மாறும், அதனால் மாறிமாறி இரண்டையும் திருத்த வேண்டிவரும். கிழக்கு மேற்காகச் சமமாக வைத்து, வடக்கு தெற்காக மட்டும் சாய்த்தால் இந்தத் தொல்லையும் மிகக் குறைவு.

டாப்சோனியனைப் பற்றி: ஒளிமங்கிய நெபுலாக்களைத் தேடவும் கூட்டமாக வருபவர்களுக்குக் காட்டவும் அதற்கு இணையில்லை. ஆனால் கோள்களை உயர்ந்த உருப்பெருக்கத்தில் பார்ப்பவர்களுக்கு நம் அட்சரேகையில் அதில் ஓர் இடர் உண்டு. டாப்சோனியன் உச்சியை நோக்கி நிற்கும்போது, இடவலமாகத் திருப்ப மிகப் பெரிய கோணம் தேவைப்படுகிறது; தள்ளுவதற்குப் பிடி கிடைக்காது. நமக்கோ நிலவும் கோள்களும் பல காலங்களில் உச்சிக்கு அருகே நடுவானைக் கடக்கின்றன, அதாவது அவை மிக நன்றாகத் தெரியும் வேளையில்தான் இந்த இடர் வருகிறது. ஈக்குவடோரியல் மவுண்ட்டுக்கும் இப்படி ஓர் இடைஞ்சலான பகுதி உண்டு. அது துருவத்தைச் சுற்றியது. அந்தப் பகுதி நமக்கு அடிவானத்தை ஒட்டி, புகைமூட்டத்துக்குள் கிடக்கிறது. அங்கே பார்க்க எதுவும் இல்லை. அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும் வண்டிச் சக்கரம்போல நம் வானம் கிழக்கிலிருந்து நேராக எழுந்து மேற்கே நேராக இறங்குகிறது. அந்த ஓட்டத்தை ஒரே குமிழால் பின்தொடர முடிவது பெரிய வசதி. நண்பர் வாங்கியது தவறான கருவி அன்று.


கொங்குவானம் (கோவை) எழுதியது:

வடகரை அவர்களின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பட்டைகள் மங்குவதற்கும் துருவ அச்சுக்கும் தொடர்பில்லை. ஆடிகள் நேர்ப்பட்டு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 130-க்கு 650 என்பது எஃப் 5 அமைப்பு, அதாவது குவியத் தூரம் ஆடியின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு. இந்த வகையில் ஆடி சற்றே சாய்ந்தாலும் உருவம் ஒரு பக்கமாக இழுபடும். எஃப் 8 தொலைநோக்கியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை இதில் நன்றாகவே தெரியும்.

லேசர் கருவி வாங்க வேண்டியதில்லை. அதுவே சரியாக நேர்ப்படாமல் வந்தால் உங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். ஃபோகசரின் (ஐபீஸைப் பொருத்தும் பகுதி) பிளாஸ்டிக் மூடியின் மிகச் சரியான நடுவில் இரண்டு மி.மீ. துளை போட்டு, அதன் வழியாகப் பகலில், வெளுத்த சுவரை நோக்கியபடி பாருங்கள். குழாயைக் கிடைமட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கி நிறுத்தி வேலை பார்க்கும்போது ஆலன் கீ கைதவறினால் நேரே முதன்மை ஆடியின் மேல் விழும். முதலில், 45 டிகிரி சாய்ந்த சிறிய ஆடி துளைக்கு நேரே முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடுத்து, அதற்குள் பெரிய ஆடியின் விளிம்பைப் பிடித்திருக்கும் மூன்று கொக்கிகளும் ஒரே அளவில் தெரியும்வரை சிறிய ஆடியின் மூன்று திருகுகளைத் திருத்துங்கள். ஒன்றைத் தளர்த்தினால் மற்ற இரண்டை இறுக்க வேண்டும். கடைசியாக, பின்பக்கம் உள்ள பூட்டுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, பெரிய ஆடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்துக்குள் நீங்கள் போட்ட துளையின் பிம்பம் வந்து உட்காரும்வரை அதன் திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். இந்த நிலையில் சிறிய ஆடியின் நிழல் பெரிய ஆடியின் பக்கமாகச் சற்றே ஒதுங்கித் தெரியும். எஃப் 5-இல் அது இயல்பு. அதையும் நடுவுக்குக் கொண்டுவர முயன்று மற்றதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரவில் உறுதிசெய்ய, உயரத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, குவியத்தைச் சிறிது விலக்கினால் வளையங்கள் விரியும். அவை ஒன்றுக்குள் ஒன்று ஒரே மையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. துருவ நட்சத்திரம் நகராது என்பதால் இந்தச் சோதனைக்கு அதைப் பரிந்துரைப்பார்கள். நமக்கு அது பயன்படாது. பத்து டிகிரி உயரத்தில் ஒளி ஐந்து மடங்குக்கு மேலான காற்றைக் கடந்து வருவதால் வளையங்கள் கொதிக்கும்.

இன்னொன்று. வெயிலில் காய்ந்த தளம் முன்னிரவில் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியைப் பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். மாலையில் தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்தாலும் நல்ல பலன் தெரியும். முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே பீமோ தூணோ ஓடும் இடத்தின் மேல் வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நடந்தாலும் வியாழன் துள்ளுவது நின்றுவிடும்.


வடகரை எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. துளைவழியே பார்த்தபோது மூன்று கொக்கிகளில் ஒன்று தெரியவே இல்லை. சிறிய ஆடியைத் திருத்திய பிறகு சனியின் வளையம் கத்தியால் வெட்டியது போன்ற விளிம்போடு தெரிகிறது. ஃபைண்டரைப் (இலக்கைத் தேட உதவும் சிறு துணைத் தொலைநோக்கி) பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? நூறு மீட்டர் தொலைவில் உள்ள தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சரிசெய்தேன். இரவில் சற்று விலகியே இருக்கிறது.


கொங்குவானம் எழுதியது:

ஃபைண்டர் குழாயிலிருந்து ஏறக்குறைய 15 செ.மீ. தள்ளி நிற்கிறது. நூறு மீட்டர் தொலைவில் அந்த இடைவெளி ஐந்து வில்நிமிடப் பிழையாகும். ஒரு கிலோமீட்டரில் அரை வில்நிமிடம்தான். செல்போன் கோபுரத்தின் உச்சியோ, தொலைவில் தெரியும் கோபுரக் கலசமோ சிறந்த இலக்கு. முதலில் 25 மி.மீ. ஐபீஸில் கலசத்தை நடுவில் கொண்டுவந்து, பிறகு 10 மி.மீ. போட்டு நடுவாக்கி, அதன்பின்தான் ஃபைண்டரின் திருகுகளைத் தொட வேண்டும். இரவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் கடைசித் திருத்தம் செய்துகொள்ளலாம்.

பகலில் இதைச் செய்யும்போது சூரியன் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு, அதற்கு நேர் எதிர்த்திசையில் உள்ள இலக்கையே எடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், கருவியைத் தனியே விட்டு நகரும்போது குழாய்க்கும் ஃபைண்டருக்கும் மூடி போட்டுவிட்டே நகருங்கள். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி உங்கள் பெட்டியில் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்ட நொடியில் கண் போய்விடும்.


சவ்வாதுமலையடி எழுதியது:

இனி இரவு வேலைக்கு வருவோம். பகலில் ஒரு டிகிரிக்குள் கொண்டுவந்தாலே கண்ணால் பார்ப்பதற்குப் போதும். ஒரு டிகிரிப் பிழைக்கு அதிகபட்ச விலகல் நிமிடத்துக்கு 16 வில்விநாடி (வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு ஒரு வில்விநாடி), ஆர்.ஏ. குமிழை மட்டும் திருப்பிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் வியாழனைக் காட்சிக்குள் வைத்திருக்கலாம். இருந்தாலும் பின்னாளில் மோட்டார் போட்டுப் படம் எடுக்கும் எண்ணம் இருந்தால், டிரிஃப்ட் முறையை (நட்சத்திரம் விலகும் போக்கைப் பார்த்து அச்சைத் திருத்துவது) ஒருமுறையாவது செய்து கற்றுக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரம் அடியோடு தெரியாத இடத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியாது, ஏனென்றால் அச்சு சரியா என்பதை வானத்தின் ஓட்டமே சொல்லிவிடுகிறது.

வான நடுவரைக்கு (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) அருகில் உள்ள ஒரு நட்சத்திரம் வேண்டும். தை, மாசியில் ஓரியனின் இடைவாரில் உள்ள மூன்றில் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் மின்டாகா நடுவரையிலிருந்து அரை டிகிரி கூட விலகவில்லை; அதைவிட வசதியானது கிடைக்காது. பார்லோவோடு 10 மி.மீ. ஐபீஸைப் போட்டு நட்சத்திரத்தை நடுவில் வையுங்கள். குறுக்குக் கம்பி உள்ள ஐபீஸ் இருந்தால் குவியத்தைச் சிறிது விலக்கி, நட்சத்திரத்தை ஒரு தட்டாக விரித்துக்கொண்டால் இருட்டிலும் கம்பி தெளிவாகத் தெரியும். நியூட்டோனியனில் உருவம் தலைகீழாக இருப்பதால் தெற்கு எந்தப் பக்கம் என்பதை ஊகிக்காதீர்கள். டெக் குமிழால் குழாயை வடக்கே மிகச் சிறிது தள்ளுங்கள். நட்சத்திரம் எந்த ஓரத்தை நோக்கிப் போகிறதோ அதுவே தெற்கு ஓரம். பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, டெக் பிடியை இறுக்கிவிட்டு, ஆர்.ஏ. குமிழை மட்டும் திருப்பிப் பின்தொடருங்கள். கிழக்கு மேற்காக ஆடுவதைப் பொருட்படுத்த வேண்டாம். வடக்கு தெற்கு விலகலை மட்டும் கவனியுங்கள்.

நட்சத்திரம் நடுவானைக் கடக்கும் வேளையில் பார்த்தால் திசைப்பிழை தெரியும். அது வடக்கே விலகினால் அச்சு மேற்கே சாய்ந்து நிற்கிறது, கிழக்கே திருப்ப வேண்டும். தெற்கே விலகினால் மேற்கே திருப்ப வேண்டும். கிழக்கு வானில், அடிவானத்திலிருந்து இருபது முப்பது டிகிரி மேலே இருக்கும்போது பார்த்தால் உயரப்பிழை தெரியும். வடக்கே விலகினால் அச்சைத் தாழ்த்துங்கள். தெற்கே விலகினால் உயர்த்துங்கள். மேற்கு வானத்து நட்சத்திரத்தைப் பயன்படுத்தினால் இந்த உயர்த்தல் தாழ்த்தல் நேர்மாறாகும். அடிவானத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். அங்கே காற்று ஒளியை வளைப்பதே விலகலாகத் தோன்றும். முதலில் திசை, பிறகு உயரம், மீண்டும் ஒருமுறை திசை என்று செய்தால், ஐந்து நிமிடம் பார்த்தும் நட்சத்திரம் கம்பியை விட்டு நகராத நிலை வந்துவிடும்.


யாழ்வானம் (யாழ்ப்பாணம்) எழுதியது:

பயனுள்ள உரையாடலுக்கு நன்றி. என்னிடம் இருப்பது தானே தேடிச் செல்லும் கோட்டூ வகை, அல்ட்அசிமத் தாங்கியில் (மேலும் கீழும், இடவலமாகவும் திரும்புவது) உள்ளது. இரண்டு நட்சத்திரங்களைக் காட்டிய பிறகும், கேட்ட பொருளிலிருந்து பல டிகிரி தள்ளி நிற்கிறது. இதற்கும் வடக்கு பார்த்து வைக்க வேண்டுமா?


சவ்வாதுமலையடி எழுதியது:

அல்ட்அசிமத் கோட்டூவுக்கு வடக்கு முக்கியமில்லை. அதற்குத்தான் ரசமட்டம் உண்மையிலேயே பயன்படும். பல டிகிரி தள்ளி நின்றால், உள்ளே கொடுத்த விவரத்தை முதலில் சரிபாருங்கள். நேர வலயம் +5.30, கோடைக்கால நேரம் இல்லை. பல கருவிகள் தேதியில் மாதத்தை முதலில் கேட்கும். அட்சரேகையைப் பாகை, நிமிடமாகக் கேட்கும் கருவியில் 9.66 என்பதை 9 டிகிரி 40 நிமிடம் என்று கொடுக்க வேண்டும். தீர்க்கரேகைக்குக் கிழக்கு என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மேற்கு என்று விட்டுவிட்டால் கருவி உலகின் மறுபக்கத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும்.

அடுத்து, நட்சத்திரத் தேர்வு. நாம் சுவாதி, சித்திரை, கேட்டை, ரோகிணி, மகம், திருவோணம் என்று அறிந்தவை அந்தப் பட்டியலில் முறையே ஆர்க்டூரஸ், ஸ்பைக்கா, அன்டாரெஸ், அல்டெபரான், ரெகுலஸ், ஆல்டேர் என்ற பெயர்களில் இருக்கும். அகத்தியர் நட்சத்திரம் கனோபஸ். உச்சிக்கு அருகில் இருப்பதைத் தவிர்த்து, நடுத்தர உயரத்தில், திசையில் ஒன்றுக்கொன்று தொண்ணூறு டிகிரி அளவுக்கு விலகிய இரண்டை எடுங்கள். நடுவில் கொண்டுவரும் கடைசி நகர்த்தலை எப்போதும் ஒரே பக்கப் பொத்தான்களால் முடித்தால், பற்சக்கரங்களின் தளர்ச்சி கணக்கில் சேராது.


கிழக்குக்கடற்கரை (சிங்கப்பூர்) எழுதியது:

இங்கே அட்சரேகை 1.3 டிகிரிதான். என் மவுண்ட்டின் அளவுகோல் 15-இல் முடிகிறது. முக்காலியைச் சாய்க்கலாமா?


சவ்வாதுமலையடி எழுதியது:

வேண்டாம். பதினான்கு டிகிரி சாய்ப்பது ஆபத்து. அச்சு முழுமையாகப் படுக்கும்படி வடிவமைத்த மவுண்ட் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் ஊருக்கு டாப்சோனியனே சிறந்தது. உச்சிக்கு அருகே வரும் கோளை, அது உச்சியிலிருந்து இருபது முப்பது டிகிரி விலகி இருக்கும் வேளையில் பார்த்துக்கொள்ளலாம்.


வடகரை எழுதியது:

மதிப்புக்குரிய அனைவருக்கும்: குட்டைப் போல்ட்டைப் போட்டதில் அச்சு 14 டிகிரிக்கு இறங்கியது. மிச்சத்தை முக்காலியின் வடக்குக் கால்களைக் குறைத்துச் சரிக்கட்டினேன். வட்டம் வரைந்து கண்ட வடக்குக்கும் கைப்பேசி காட்டிய வடக்குக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தது. நேற்றிரவு வியாழன் கிழக்கிலிருந்து உச்சிவரை ஏறும்வரை ஆர்.ஏ. குமிழ் ஒன்றையே திருப்பிப் பார்த்தோம். டெக் குமிழை இரண்டொரு முறைதான் தொட வேண்டியிருந்தது. அதன் நிலவுகளில் ஒன்று கோளின் விளிம்பைத் தொட்டு மறைவதை என் தந்தையார் முதன்முதலாகக் கண்டார். ஒவ்வொரு இரவும் முக்காலியைக் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இதே நிலையை மறுநாளும் பெற வழி உண்டா?


சவ்வாதுமலையடி எழுதியது:

உங்கள் தந்தையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். டிரிஃப்ட் முறையில் ஒருமுறை நன்றாக நேர்ப்படுத்திய பிறகு, மவுண்ட்டை அசைக்காமல், மூன்று கால்களின் முனைகளையும் சுற்றித் தளத்தில் பெயின்டால் குறியுங்கள். ஒவ்வொரு காலும் எந்தக் குறிக்கு உரியது என்பதையும் காலிலேயே எழுதிவையுங்கள். கால்களின் நீட்டத்தைப் பூட்டும் இடத்திலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். உயரம் மாறினால் சாய்வு மாறிவிடும். தளத்தில் ஓடு பதித்திருந்தால் குறியின் மேல் சிறிய வாஷரை எப்பாக்சி பசையால் ஒட்டி, அதன் துளைக்குள் காலின் முனையை நிறுத்தலாம். ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கால் ஒரு செ.மீ. தள்ளி நின்றால் அரை டிகிரி அளவுக்குத் திசை மாறும் என்பதால், வாஷர் இருந்தால் கண்ணால் பார்ப்பதற்கு மறுபடி எதுவும் செய்ய வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்ததும் குறிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, மின்டாகா கிழக்கே ஏறும் முன்னிரவில் உயரத்தை மட்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.